எண்பத்தாறில் கொதிக்கும் தண்ணீர்

காலை ஒன்பது மணிக்கு அடுப்பில் ஏற்றிய மாட்டுக்கறி பன்னிரண்டரைக்கும் செருப்புத் தோலாகவே இருந்தது. முள்கரண்டியால் ஒரு துண்டைக் குத்தித் தூக்கினேன். துண்டு கரண்டியோடு வந்தது. வெந்த கறி அப்படி வராது. கரண்டியை விட்டுப் பிய்ந்து சாற்றுக்குள் விழுந்துவிடும். நான் வேலை செய்யும் வீட்டு ஃப்ரெஞ்சு எஜமானி மதாம் ஓடில் அப்படித்தான் பதம் பார்ப்பார். பக்கத்தில் தரையைத் துடைத்தபடி இரண்டு வருடமாக அதைப் பார்த்திருக்கிறேன்.

வாசனையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. வெங்காயம், காளான், பன்றிக் கொழுப்பு, தாரிஹா ஒயின் எல்லாம் சேர்ந்து, கண்ணை மூடினால் பணக்காரர்கள் வாழும் கலகோட்டோவில் மதாமின் சமையலறையில் நிற்பது போலிருந்தது. கண்ணைத் திறந்தால் மலை மேல் எங்கள் எல் ஆல்ட்டோ. பூசாத செங்கல் சுவர், என் ஒற்றை அறை, நெளிந்த அலுமினியப் பானை.

ஒரு மணிக்கு மூன்று பேரைச் சாப்பிட அழைத்திருந்தேன். ஒரு மணி என்றால் எங்கள் ஊரில் இரண்டு மணி. இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தீயைக் கூட்டினேன். சாறு தளதளவென்று கொதித்தது. ஆவி எழுந்து ஜன்னல் கண்ணாடியை மறைத்தது. இப்படிக் கொதிக்கிறதே, பின் ஏன் வேகவில்லை?

பக்கத்து வீட்டில் குக்கர் சீறத் தொடங்கியது. அதற்கு அடுத்த வீட்டில் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் எங்கள் தெரு முழுக்க இந்தச் சத்தம்தான். என் குக்கரும் அலமாரியின் மேல்தட்டில், கைப்பிடியை என் பக்கம் நீட்டியபடி உட்கார்ந்திருந்தது. பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். இன்று குக்கர் கூடாது. இன்றைய சாப்பாடு எங்கள் தெருச் சாப்பாடு மாதிரி இருந்தால் ரோஸெண்டா போய்விடுவாள்.

ரோஸெண்டாவும் நானும் பன்னிரண்டு வயதிலிருந்து சிநேகிதிகள். அவள் தையல்காரி. சாவ் பாவ்லோவில் ஒரு பட்டறையில் அவளுக்காக ஒரு மெஷினை ஒதுக்கி வைத்திருந்தார்கள். மெஷினுக்குப் பக்கத்திலேயே படுக்கை, ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேர வேலை. எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போன நான்கு பெண்களில் ஒருத்திதான் திரும்பி வந்தாள். அவளும் இருமிக்கொண்டே வந்தாள். சாந்தா குரூஸ் போகும் பேருந்து இன்று மாலை ஆறு மணிக்கு. அங்கிருந்து எல்லை தாண்ட இன்னொரு பேருந்து. டிக்கெட் அவள் பையில் இருந்தது.

போன மாதம் லிம்பெர்ட் தன் வீட்டுக் கீழ்த்தள அறையைத் திறந்து காட்டினான். அவன் மினிபஸ் ஓட்டுகிறவன். எங்கள் இருவரோடும் பள்ளிக்கூடத்தில் படித்தவன். "சும்மாதான பூட்டிக் கெடக்கு. ரெண்டு பேரும் சேந்து மத்தியானச் சாப்பாட்டுக் கடை போடுங்களேன்" என்றான். ரோஸெண்டா அறையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நீ அந்தப் பெரிய வீட்ட விட்டுட்டு வந்து இங்க சமைக்கிறதா இருந்தா நான் போகல. ஆனா மொதல்ல அந்த ஃப்ரெஞ்சுச் சாப்பாட்ட எனக்கு ஒரு தடவ செஞ்சு போடு. ரெண்டு வருஷமா வாயாலயே ஊட்டிக்கிட்டிருக்க. சாப்பிட்டுப் பாத்துட்டு முடிவு பண்றேன்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

ஏனென்றால் நான் அந்த வீட்டுச் சமையல்காரி இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ரோஸெண்டா "அங்க என்னடி வேல?" என்று கேட்டபோது "சமையலறையில" என்றேன். பொய்யில்லை, சமையலறையைக் கழுவுவதும் என் வேலைதான். "என்ன சமைப்ப?" என்று அடுத்துக் கேட்டாள். அன்று மதாம் சமைத்ததைச் சொன்னேன். அவள் கண் விரிந்தது. அடுத்த வாரமும் கேட்டாள். சொன்னேன். நாளெல்லாம் தையல் மெஷினில் குனிந்திருந்துவிட்டு வருகிறவள், நான் சொல்லும் சாஸ்களையும் கேக்குகளையும் கதை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எப்படி நிறுத்துவது?

மதாம் தன் அடுப்பை வேறு கை தொட விடமாட்டார். உப்புப் போடக்கூட என்னை விட்டதில்லை. நான் பார்ப்பேன், ரோப் காரில் வீடு திரும்பும்போது மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன், இரவு ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைப்பேன். மதாம் புலம்புவதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். 'எங்கள் ஊரில் இரண்டரை மணி நேரம், இங்கே மூன்றரை. இந்த ஊர் மாடுகளுக்கு மலையில் நடந்து நடந்து கால் கல்லாகிவிட்டது.'

ஆகஸ்டில் மதாம் மூன்று வாரம் பிரான்சுக்குப் போயிருந்தார். அப்போது என் கைக்காசில் கறி வாங்கிப் போய், அவருடைய கனத்த இரும்புச் சட்டியில் இரண்டு முறை இதே ஒயின் கறியை, மதாமின் புர்கினியோனைச் செய்தேன். இரண்டு முறையும் மூன்றரை மணி நேரத்தில் பிய்ந்து விழுந்தது. முட்டை நுரையில் உப்பி எழும் சீஸ் சூஃப்லேயும் செய்தேன். கிண்ணத்துக்கு மேல் இரண்டு விரல் உயரம் எழும்பி அழகாக நின்றது. எல்லாவற்றையும் நின்றபடியே தின்றேன். பிறகு சட்டியைத் தேய்த்து வைத்து, ஜன்னல்களைத் திறந்து வாசனையைத் துரத்தினேன்.

ஆகவே எனக்குச் சமைக்கத் தெரியும். யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இன்று மூன்று பேர் சாப்பிட்டுவிட்டால் அந்தப் பழைய பொய் பொய்யே இல்லாமல் போய்விடும் என்று நம்பியிருந்தேன்.

"டெல்ஃபி! கதவத் தொற, காத்து ஆளையே தூக்குது!"

சரியாக ஒரு மணி. சொன்ன நேரத்துக்கு ஒருவர் வந்து இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. ரோஸெண்டா கட்டம் போட்ட பெரிய பையைக் கதவுக்குள் தள்ளிவிட்டுப் பின்னால் வந்தாள். பைக்கு மேல் சுருட்டிக் கட்டிய கம்பளி. காலில் பிரயாணத்துக்கான கனத்த பூட்ஸ்.

"என்னடி, சாப்பிட வரச் சொன்னா வீட்டையே கட்டிக்கிட்டு வந்திருக்க?"

"சாப்பிட்டு நேரா பஸ்ஸுக்கு. இல்லன்னா நேரா லிம்பெர்ட் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு. ரெண்டுக்கும் பை வேணும்ல" என்று சிரித்தாள். பையைச் சுவரோரம் வைத்தவள் நேராக அடுப்புக்கு வந்தாள். "எங்க, மூடியத் தொறந்து காட்டு."

"தொடாத!"

என் குரலில் நானே திடுக்கிட்டேன். "தொறந்தா வாசன போயிரும்" என்று சமாளித்தேன்.

"அடேயப்பா. சரிங்க சமையல்காரம்மா." அவள் அலமாரியைப் பார்த்தாள். "குக்கர ஏன் சாமி மாதிரி மேல ஏத்தி வச்சிருக்க?"

"இது குக்கர்ல வைக்கிறது இல்லடி. அவசரப்பட்டா கறிக்குத் தெரிஞ்சிருமாம். மதாம் சொல்வாங்க."

"கறிக்கு அவ்வளவு அறிவா." அவள் அம்மியை இழுத்துப் போட்டுக்கொண்டு தக்காளியும் லொகோட்டோ மிளகாயும் வைத்து யாஹ்வாச் சட்னி அரைக்க உட்கார்ந்தாள்.

"ஃப்ரெஞ்சுச் சாப்பாட்டுக்கு யாஹ்வா வேண்டாம்டி."

"சாப்பாட்டுக்கு வேண்டாம். எங்களுக்கு வேணும்."

அம்மிக் கல்லை உருட்டினாள். பிறகு தலை நிமிராமலே பேசினாள்.

"நேத்து தூங்கவே இல்ல டெல்ஃபி. போகவும் பயமா இருக்கு, இருக்கவும் பயமா இருக்கு. அந்தப் பட்டறைக்காரன் ஆள் மாத்திப் போட்டுருவான், இன்னிக்கு விட்டா இன்னொரு தடவ கூப்பிட மாட்டான். உன் கைய நம்பித்தான் வந்திருக்கேன். நடுங்காம அந்த டிக்கெட்டக் கிழிக்க வச்சிரு, போதும்." மிளகாய்க் கையைத் தூக்கிக் காட்டினாள். "பொய்யா பாராட்ட மாட்டேன். நல்லாருந்தா கொசுறு கேப்பேன். கேக்கலன்னா பைய எடுத்துக்கிட்டுப் போயிருவேன்."

எங்கள் ஊரில் சாப்பாட்டை வாயால் யாரும் புகழ்வதில்லை. தட்டை நீட்டிக் கொசுறு கேட்டால் அதுதான் புகழ்ச்சி. கேட்காமல் எழுந்தால் அடுத்த நாள் அந்தக் கடைக்கு வரமாட்டார்கள்.

அவள் கை கழுவ முற்றத்துக்குப் போனபோது மூடியைத் திறந்து இன்னொரு துண்டைக் குத்தினேன். கரண்டியோடு வந்தது.

லிம்பெர்ட்டின் மினிபஸ் ஹார்ன் இரண்டேகாலுக்குக் கேட்டது. ஒரு ஒயின் பாட்டிலோடு அவனும், பின்னாலேயே அவன் மனைவி சுல்மாவும் வந்தார்கள். சுல்மா சந்தையில் கம்பளி விற்கிறவள். வட்டத் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து, விலை பேச வந்தவர்களைப் பார்க்கிற மாதிரியே என்னையும் பானையையும் பார்த்தாள்.

லிம்பெர்ட் பாட்டிலைத் திறந்து, முதல் சொட்டுகளை மண்தாய்க்கென்று தரையில் விட்டான்.

"ஃப்ரெஞ்சுக்காரங்களும் இப்படித் தரையில ஊத்துவாங்களா?" என்றாள் சுல்மா.

"அவங்க மாட்டுக்கு ஊத்துவாங்க" என்றான் லிம்பெர்ட். "பாட்டில் முழுக்க மாட்டுக்கு. மிச்சம் மீதி மனுஷனுக்கு. என்ன டெல்ஃபினாம்மா, சரிதான?"

"சரிதான்" என்று சிரித்து வைத்தேன்.

கறி வேகும்வரை அவர்களைச் சமாளிக்கச் சூஃப்லே இருந்தது. வெள்ளைக் கருவை நுரையாக அடித்து, சீஸ் கலவையில் மெல்ல மடித்து, கிண்ணத்தை ஓவனுக்குள் தள்ளினேன். நான்கு பேரும் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்றோம். பத்து நிமிடத்தில் அது விளிம்பைத் தொட்டது.

"எழுந்துட்டான், எழுந்துட்டான்" என்று லிம்பெர்ட் கால்பந்து வர்ணனையை ஆரம்பித்தான். "இடது பக்கமா முன்னேறுறான்..."

ரோஸெண்டா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அது இரண்டு விரலோடு நிற்கவில்லை. நான்கு விரல், ஐந்து விரல் என்று ஏறிக்கொண்டே போனது. கலகோட்டோவில் இப்படி ஏறவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பைத் தாண்டி வழிந்து, ஓவனின் அடித்தட்டில் சொட்டிக் கருகியது. துணியைப் பிடித்துக் கிண்ணத்தை வெளியே எடுத்தேன். மேசைக்கு நாலே எட்டு. இரண்டாவது எட்டில் நடுப்பகுதி பெருமூச்சு விட்ட மாதிரி அமுங்கியது. மேசையில் வைத்தபோது கிண்ணத்தில் பாதி கூட இல்லை.

"ஆஃப்சைடு" என்றான் லிம்பெர்ட் மெதுவாக.

சுல்மா ஒரு வாய் எடுத்து மென்றாள். "தொப்பி போட்ட ஆம்லெட்டா இது?"

"தொப்பியத்தான் வழியிலயே கழட்டிருச்சே" என்றான் லிம்பெர்ட்.

சிரித்தோம். யாஹ்வாவைப் போட்டுக்கொண்டு, ரொட்டியைப் பிட்டு, எல்லோரும் தின்றுதான் தீர்த்தார்கள். ஆனால் யாரும் தட்டை நீட்டவில்லை. ரோஸெண்டாவின் பார்வை ஒரு முறை சுவரோரப் பைக்குப் போய்த் திரும்பியது.

"அந்தப் பெரிய வீட்டுலயும் இப்படித்தான் அமுங்குமா?" என்று கேட்டாள் சுல்மா.

"இல்ல. அங்க நிக்கும்."

"இங்க மட்டும் ஏன் விழுது?"

எனக்குத் தெரியவில்லை. "ஓவன் பழசு" என்றேன்.

"எந்தத் தெருன்னு சொன்ன? பன்னண்டாம் தெரு, பச்ச கேட்டு வீடுதான?"

"ஆமா."

"பத்து நாளைக்கு முன்னாடி அந்தப் பக்கம் கம்பளி கொண்டுபோனேன். பச்ச கேட்டு வீட்டு மாடியில ஒரு பொண்ணு ஏணி போட்டு ஜன்னல் தொடச்சிக்கிட்டிருந்தா. நீல ஏப்ரன். அச்சு அசல் உன்ன மாதிரியே. கைய ஆட்டுனேன், பாக்கல."

ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ரோஸெண்டாவின் கை நின்றது.

"ஒத்தாசைக்கு... எப்பவாவது..." என்றேன்.

"சமையல்காரி ஏணி ஏறி ஜன்னல் தொடைப்பாளா?"

"சுல்மா, விடு" என்றான் லிம்பெர்ட்.

"கேட்டேன். கேக்கக்கூடாதா?"

கறியைப் பார்க்கிற சாக்கில் எழுந்தேன். மணி மூன்று பத்து. பேருந்து நிலையம் கீழே நகரத்துக்குள்; ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் நாலரைக்காவது இங்கிருந்து கிளம்ப வேண்டும். குத்தினேன். ஆறு மணி நேரம் கொதித்த கறி. ரப்பர் மாதிரி வளைந்து கரண்டியோடு வந்தது. அதைக் கையில் பிடித்தபடி நின்றேன். பின்னால் ரோஸெண்டா வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"எத்தன மணிக்கு ஏத்துன?"

"ஒம்போது."

"ஒம்போதா!" அவள் கரண்டியை வாங்கிக் கறியைத் திருப்பிப் பார்த்தாள். "வெறும் பானையிலயா? டெல்ஃபி, இங்க தண்ணி எண்பத்தாறுலயே கொதிச்சிரும்டி. எட்டாம் வகுப்புல சோதன பண்ணோமே. புத்தகத்துல நூறுன்னு போட்டிருக்கு, நமக்கு எண்பத்தாற விட்டு நகரல. தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சுன்னு லிம்பெர்ட் அத ஒதறி ஒடச்சானே."

"என்னய எதுக்கு இழுக்குற" என்றான் லிம்பெர்ட் மேசையிலிருந்து.

"எவ்வளவு தீய வச்சாலும் அதுக்கு மேல சூடு ஏறாது. அதுக்குத்தான வீட்டுக்கு வீடு குக்கர் வச்சிருக்கோம்."

"அங்க மூன்றரை மணி நேரத்துல வெந்துச்சு" என்றேன். "அதே ஊருதானே."

"அதே ஊரா? கலகோட்டோ எண்ணூறு மீட்டர் கீழ கெடக்கு. தெனம் ரோப் கார்ல ஏறி எறங்குற, உனக்குக் காது அடைக்கல?"

அடைக்கும். தினமும் அடைக்கும். எச்சிலை விழுங்கிச் சரிசெய்துகொண்டு, நான் பாட்டுக்கு நோட்டில் எழுதியதை மனப்பாடம் செய்துகொண்டிருப்பேன். என் பருப்பையும் சோளத்தையும் யோசிக்காமல் குக்கரில்தான் வைக்கிறேன். இந்தக் கறியை மட்டும் வேறு உலகத்துப் பொருள் என்று நினைத்துவிட்டேன்.

ரோஸெண்டா கரண்டியைக் கீழே வைத்தாள். கோபமே இல்லாமல், யோசிக்கிற குரலில் சொன்னாள்:

"கீழ சமைச்சுட்டு மேல வந்து சமைக்கிற எவளுக்கும் மொத வாரத்துலயே இது தெரிஞ்சிருக்கும்."

என் முகத்தைப் பார்த்தாள். அம்மியில் அரைத்த சிவப்பு இன்னும் அவள் விரல்களில் இருந்தது.

நான் கையை நீட்டி மேல்தட்டிலிருந்து குக்கரை இறக்கினேன். கறியையும் சாற்றையும் அதற்குள் கொட்டினேன். ரப்பர் வளையத்தைப் பொருத்தி மூடியைத் திருகி இறுக்கினேன். வெயிட்டைப் போட்டேன். தீயை முழுதாக வைத்துவிட்டு, குக்கரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நான் அங்க சமைக்கல. தொடைக்கிறேன். தரை, ஜன்னல், கக்கூஸ். மதாம் சமைப்பாங்க, நான் பாத்துக்கிட்டிருப்பேன். அவங்க இல்லாதப்ப ரெண்டு தடவ திருட்டுத்தனமா செஞ்சு பாத்தேன். அவ்வளவுதான்."

முதலில் அசைந்தது சுல்மா. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இப்படி ஆகும் என்று எதிர்பார்க்காதவள் மாதிரி இருந்தது முகம்.

ரோஸெண்டா கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

குக்கர் சீற ஆரம்பித்தது. முப்பத்தைந்து நிமிடம் வேண்டும். அதற்கு முன் அந்த மூடியை யாராலும் திறக்க முடியாது. லிம்பெர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், ஒயினை ஊற்றினான், குடிக்கவில்லை.

"நான் வேணும்னே சொல்லல" என்றாள் சுல்மா தணிந்த குரலில். "சும்மா வாயக் கெளறிப் பாத்தேன்."

"தெரியும்" என்றேன்.

கால் மணி நேரம் கழித்து ரோஸெண்டா உள்ளே வந்தாள். காற்றில் மூக்கும் கன்னமும் சிவந்திருந்தன. அழுதாளா என்று தெரியவில்லை. குக்கர் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"அந்தச் சூஃப்லே விழாம நின்னுருந்தா, கறி வெந்துருந்தா, இந்நேரம் நான் டிக்கெட்டக் கிழிச்சிருப்பேன்."

"ஆமா."

"கிழிச்ச அப்புறம் சொல்லிருப்பியா?"

எத்தனையோ பதில் தோன்றியது. "தெரியல" என்றேன்.

"தெரியலயாம்." அவள் லிம்பெர்ட்டிடம் திரும்பினாள். "கேட்டியா? தெரியலயாம். ரெண்டு வருஷம்டா. மெஷின்ல நூல் கோக்கிறப்பல்லாம் இவ சொன்ன சாஸத்தான் நெனச்சுக்கிட்டிருப்பேன். ஒருத்தியாவது இந்தத் தெருவுல உருப்பட்டுட்டான்னு எல்லார்கிட்டயும் பீத்திக்குவேன்."

"அது தெரிஞ்சுதான் சொல்ல முடியல."

"என் தலையில போடாத."

"போடல."

மூன்று ஐம்பத்தைந்துக்கு அடுப்பை அணைத்தேன். சீறல் மெல்லக் குறைந்தது. லிம்பெர்ட் குக்கரைக் குழாயடிக்குத் தூக்கிப் போகலாமா என்றான், நேரமாகிறதே என்று. "இரு" என்றாள் ரோஸெண்டா. "தானா அடங்கட்டும்." நான்கு பேரும் அந்த வெயிட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசி ஆவியும் போனதும் மூடியைத் திருகினேன்.

வாசனை முதலில் எழுந்தது. முள்கரண்டியை எடுத்தேன். ஒரு துண்டைக் குத்தித் தூக்கினேன். அது இரண்டாகப் பிரிந்து சாற்றுக்குள் விழுந்தது.

ஆவி முகத்தில் அடிக்க அங்கேயே நின்றேன். மாடுகள் மேல் ஒரு தப்பும் இல்லை.

பரிமாறினேன். சாப்பிட்டோம். லிம்பெர்ட் ஜோக் எதுவும் சொல்லவில்லை. யாஹ்வா கிண்ணத்தை யாரும் தொடவில்லை. அதை நான் கவனித்தேன். முதலில் தட்டை நீட்டியது சுல்மா.

"கொசுறு" என்றாள் என் கண்ணைப் பார்க்காமல்.

போட்டேன். உடனே லிம்பெர்ட்டும் நீட்டினான். ரோஸெண்டா தன் தட்டில் கடைசிச் சாற்றையும் ரொட்டியால் வழித்து வாயில் போட்டாள். கரண்டியோடு காத்திருந்தேன். அவள் எழுந்து போய்த் தன் தட்டைத் தானே கழுவிவந்து மேசையோரம் கவிழ்த்தாள். பையின் மேலிருந்த கம்பளியை இறுக்கிக் கட்டினாள்.

மணி நாலு பதினைந்து.

"லிம்பெர்ட், வண்டிய எடு."

லிம்பெர்ட் வாயில் கறியோடு என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்ல முடியும்? அவன் எழுந்து சாவியைத் தேடினான். எல்லாப் பையிலும் தேடினான். அது மேசை மேல் அவன் முன்னாலேயே இருந்தது.

ரோஸெண்டா பையைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"கை நல்ல கைதான். வாய்தான் பொய்." பையைக் கீழே வைத்தாள். "சொல்லு. நான் இருக்கணும்னா எதக் கிழிக்கணும்னு எனக்குத் தெரியும். நீ எதக் கிழிப்ப?"

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கடை ஓடாவிட்டால் நான் திங்கட்கிழமை ரோப் காரில் ஏறி மதாம் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அவளுக்குத் திரும்ப இடமில்லை. இவ்வளவு நாளும் நான் அதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

போனை எடுத்தேன். மதாமின் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, மேசை நடுவில் கிடத்தினேன். நான்கு முறை மணி அடித்தது. ஐந்தாவது மணியில் எடுத்தார்.

"டெல்ஃபினா? ஞாயிற்றுக்கிழமை என்ன?"

"மதாம், நாளையிலேர்ந்து நான் வேலைக்கு வரல."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாருக்கேன். சாப்பாட்டுக் கடை போடுறேன், என் சிநேகிதியோட." சொல்லிவிட்டு ரோஸெண்டாவைப் பார்த்தேன். அவள் முகம் அசையவில்லை.

"நீயா? உனக்குத்தான் சமைக்கத் தெரியாதே."

சுல்மா மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது.

"தெரியும் மதாம். இன்னிக்கு உங்க புர்கினியோன் செஞ்சேன்."

"எதுல? உன்கிட்ட ஏது அந்த மாதிரிச் சட்டி?"

"குக்கர்ல."

"குக்கர்லயா!" கன்னத்தில் அடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் குரல் இறங்கி, ரகசியம் கேட்கிற மாதிரி வந்தது. "வெந்துச்சா?"

"பிய்ஞ்சு விழுந்துச்சு, மதாம்."

"வீட்டுச் சாவிய நாளைக்குக் கொண்டுவந்து குடுத்துடு" என்றார். போன் அணைந்தது.

லிம்பெர்ட்டின் கையில் மினிபஸ் சாவி ஆடிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ ஐஸ்கிரீம் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன். என்னிடமும் இப்போது திரும்ப இடமில்லை.

ரோஸெண்டா கதவைச் சாத்தினாள். காற்றுச் சத்தம் நின்றது. மேசைக்கு வந்து, உள்சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த டிக்கெட்டை எடுத்தாள். கிழிக்கவில்லை. பிரித்து, கையால் தேய்த்து மடிப்பை நீவி, மேசையில் விரித்து வைத்தாள். பிறகு துணியால் பிடித்து அடுப்பிலிருந்து குக்கரைத் தூக்கிவந்து அதன் மேல் வைத்தாள், மேசை சுடாமல் இருக்க. விளிம்பிலிருந்து ஒரு சொட்டு ஒயின் சாறு வழிந்து 'சாந்தா குரூஸ்' என்ற எழுத்தில் பரவியது.

"கோவம் போகல" என்றாள். "ரொம்ப நாளைக்குப் போகாது."

"சரி."

"சூஃப்லே வேண்டாம். அத நம்ம கடையில வைக்கவே வேண்டாம்."

"சரி."

லிம்பெர்ட் சாவியை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டான். ரோஸெண்டா உட்கார்ந்தாள். கழுவிக் கவிழ்த்த தட்டை எட்டி எடுத்து, ஈரத்தை உதறி, என் பக்கம் நீட்டினாள்.

"கொசுறு போடு."